தட்டுக்கு வைத்த பொட்டு

எங்கள் ஊரில் இசைத்தட்டுகள் வெளியானதில்லை, கரையேறின. வெளிநாடுகளில் ஒரு புதுத் தட்டு வெளியாகும் நாளில் இளவட்டங்கள் விடிவதற்கு முன்பே கடை வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள் என்று சித்தப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அதே தட்டு ரங்கூனுக்கு வர வேண்டுமானால், யாராவது ஒரு கப்பல்காரர் அதைத் தன் சட்டைகளுக்கு நடுவில் பொத்திப் பொத்திக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் எங்கள் சித்தப்பா. அப்பாவின் தம்பி.

எழுபதுகளின் பின்பாதி அது. ரங்கூனின் லான்மடாப் பேட்டையில் மூன்றாவது மாடியில், ரயில்பெட்டி போல நீளமான ஒரு வீட்டில் நாங்கள் இருந்தோம். எங்கள் வீட்டில் வருஷங்களுக்கு எண் கிடையாது, சித்தப்பா கொண்டுவந்த தட்டுகள்தான் கணக்கு. வெள்ளை உடுப்பில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து பாடியவர்கள் வந்த வருஷம் எனக்கு அம்மை போட்டது. ஒரே தாளம் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருக்கும் ஆட்டப் பாட்டு வந்த வருஷம் தெருக்குழாய் உடைந்தது. கிழிந்த சட்டைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திய தட்டு வந்த வருஷம், அப்பா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது வந்த தட்டுதான் எல்லாவற்றிலும் பெரியது. சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் சித்தப்பா அதைக் கொண்டுவந்தார். அதன் உறை புத்தகம் போல இரண்டாக விரிந்தது. பச்சை நிற வானம், முழங்கால் அளவு தண்ணீரில் வெள்ளி உடுப்பில் நிற்கும் நீளமுடிக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கடலிலிருந்து நேராக மேலே போகும் ஒரு ஏணி. ஏணி எங்கே முடிகிறது என்று பார்க்க உறையைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருந்த தட்டைச் சித்தப்பா விரல் படாமல் விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தார். சன்னல் வெளிச்சம் பட்டதும் அந்தக் கறுப்புக்குள் ஒரு வானவில் சுற்றிப் போனது. புது மழைக்கோட்டு போல ஒரு வாசனை. அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. தொடாமல் மோந்து பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது.

முள்ளை வைத்தார். முதலில் ஒன்றுமில்லை, எண்ணெய் காய்வது போல மெல்லிய பொரிச்சல். அப்புறம் இடது பக்க ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஒரு முரசு கேட்டது. அது அங்கேயே இருக்கவில்லை. எழுந்து எங்கள் கூடத்தின் குறுக்கே, அம்மாவின் தையல் இயந்திரத்தைத் தாண்டி, என் தலைக்கு மேலாக நடந்து வலது பக்கப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"பின்னால யாரு சித்தப்பா அடிக்கிறா?"

"யாருமில்ல குட்டி. இதான் ஸ்டீரியோ" என்றார், அவரே கண்டுபிடித்தது போல.

எனக்கு அது விளக்கமாகப் படவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் நடமாடுகிறவர் ஒருவரைப் பற்றித்தான் எனக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவருக்குத் தினமும் விளக்கேற்றினோம்.

தட்டின் முதல் பக்கத்து மூன்றாவது பாட்டை ஒரு பெண் பாடினாள். அது தொடங்கியதும் அத்தை, அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் அருகில் வந்து உட்கார்ந்தாள். அத்தை அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கன்னத்தில் எப்போதும் வட்டமாகத் தனக்கா பூசியிருப்பாள். பர்மாவில் எல்லாப் பெண்களும் மரக்கட்டையை உரைத்துப் பூசிக்கொள்ளும் அதே மஞ்சள் குழம்பு. கோவிலில் பஜனை பாடுவாள். அவள் பாடினால் பூசாரி மணியை மெதுவாக ஆட்டுவார்.

இங்கே கோ சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பேட்டையான லத்தாவில் கேசட் கடை வைத்திருந்த பர்மியர். கடைக்குப் பின்னால் ஒரு அறையில் அவருடைய இசைக்குழு. அந்தக் காலத்தில் ஊரில் இருந்த குழுக்கள் எல்லாம் செய்ததைத்தான் அவரும் செய்தார். மேல்நாட்டுத் தட்டைக் கேட்டு, அதே மெட்டுக்குப் பர்மிய வார்த்தைகள் எழுதி, வாத்தியங்களை அப்படியே வாசித்து, கேசட்டில் பிடித்தார்கள். அதற்குக் காப்பிப் பாட்டு என்றே பெயர். அதில் யாருக்கும் வெட்கமில்லை. தட்டுக்கும் கேசட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லாவிட்டால்தான் பெருமை. "பாடினவன் நடுவுல இருமியிருந்தா இவனுங்களும் அதே இடத்துல இருமுவானுங்க" என்று அப்பா கேலி செய்வார். ஒரு தட்டை எந்தக் குழு முதலில் பிடிக்கிறதோ, ஊருக்கு அந்தப் பாட்டு அந்தக் குழுவுடையது.

சித்தப்பா அத்தையை ஒருமுறை அவரிடம் கூட்டிப்போய்ப் பாட வைத்திருந்தார். கோ சான் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். யாரிடமும் இல்லாத தட்டு ஒன்று வந்தால், அதில் பெண் குரல் இருந்தால், தட்டில் இருக்கிற அதே சுருதியில் ஒரு மூச்சுக்கூடக் குறையாமல் பாடினால், அவளுக்கே கொடுப்பார். முடியாவிட்டால் வேறு பெண் இருக்கிறாள்.

அப்பாவிடம் அனுமதி வாங்கியது அதைவிடப் பெரிய கதை. மேடை கிடையாது, முகம் தெரியக் கூடாது, கேசட்டில் குரல் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. தீபாவளி கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் அத்தைக்கு வாழ்க்கையில் இருந்தது இந்த ஒரு பாட்டுத்தான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை முழுவதும் அத்தை முள்ளை எடுத்து எடுத்து ஒரே இடத்தில் வைத்துக் கேட்டாள். பாட்டு முடியப்போகும் நேரத்தில் அந்தப் பெண்ணின் குரல் ஓர் இடத்தில் மேலே ஏறும். ஏறும் என்று சொன்னால் போதாது. உறையில் இருந்த ஏணி அதற்காகத்தான் போட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு உயரம். ஒரு மூச்சு நேரம் அங்கே நின்றுவிட்டு இறங்கி வரும். அத்தை பின்கட்டில், தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்று அதைப் பாடிப் பார்த்தாள். பாதி ஏணியில் குரல் உடைந்தது. மறுபடி பாடினாள். மறுபடி உடைந்தது.

அம்மா சுடுதண்ணீரில் பனைவெல்லம் கரைத்துக் கொடுத்தாள். "தொண்டையைக் கிழிச்சுக்காதே. நாளைக்கு மறுநாள் பூஜைக்குப் பாடணும்."

"இது ஏறலைன்னா அவரு வேற ஆளைக் கூப்பிட்டுருவாரு அண்ணி."

"கூப்பிட்டா கூப்பிடட்டுமே. நீ என்ன அதுலயா சோறு திங்கப்போறே?"

அத்தை தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பாட்டு அவ்வளவு நன்றாக இருப்பதால் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை வரும் போலத்தான் இருந்தது.

சரஸ்வதி பூஜை வந்தது. அப்பாவின் பேனா, அம்மாவின் தையல் இயந்திரம், கத்தரிக்கோல், என் பாடப் புத்தகங்கள், சித்தப்பாவின் கப்பல் பெட்டிப் பூட்டு எல்லாம் கூடத்தில் சாமிப் படத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தன. தட்டு உள்ளேயே இருந்த மரப்பெட்டி ரெக்கார்டு பிளேயரும் வந்தது. பொட்டு வைப்பது என் வேலை. சந்தனம், அதன் மேல் குங்குமம், எந்தப் பொருளுக்கும் நெற்றி எது என்று பார்த்து நடுவில் வைக்க வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். பூட்டுக்குச் சாவித்துளைக்கு மேலே. கத்தரிக்கோலுக்குத் திருகாணியில்.

எல்லாவற்றுக்கும் வைத்து முடித்தபின், பிளேயரின் மூடிக்குள் அந்தத் தட்டு சும்மா இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் இருந்தவற்றிலேயே சாமிக்குப் பக்கத்தில் இருக்கத் தகுந்தது அதுதான். பூட்டுக்குப் பொட்டு உண்டு, அதற்கு இல்லையா? அப்பா தேங்காய் உடைக்க எழுந்த நேரத்தில் மூடியைத் திறந்தேன். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதம்தான் அதன் நெற்றி. துளைக்குச் சற்று மேலே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மூடியை மூடினேன். தொடக் கூடாத ஒன்றைத் தொட்டுவிட்ட விரலை அன்று முழுவதும் மடக்கியே வைத்திருந்தேன்.

சாயங்காலம் கோ சான் தட்டு வாங்க வந்தார். அப்பா கையை விரித்துவிட்டார். "பூஜையில வச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாது கோ சான். நாளைக் காலையில மறுபூஜை ஆனதும் எடுத்துக்கலாம்."

"ஒரு நாள்தானே? சாமி முதல்ல கேக்கட்டும்" என்று பர்மிய மொழியில் சொல்லிச் சிரித்துவிட்டு, சுண்டல் சாப்பிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அத்தை குளித்து, தனக்கா பூசி, பூஜை வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னடி சீக்கிரம் எழுந்துட்டே" என்றாள். எனக்கு அது புகழ்ச்சியாகப் பட்டது.

மறுபூஜை முடியும்போது கோ சான் தன் டிரம்காரரையும் அழைத்துக்கொண்டு வந்து காத்திருந்தார். சித்தப்பா மாப்பிள்ளையை அழைப்பது போலப் பெருமையாக மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

தட்டின் நடுவில் என் பொட்டு இருந்தது. அது மட்டுமில்லை. கறுப்புப் பகுதியில், உள்ளே தள்ளி, விரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு தீற்றல் காய்ந்து கிடந்தது.

"யாரு? யாரு செஞ்சது இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொட்டு வைப்பது என் வேலை. நான் தலையை ஆட்டினேன். அந்தத் தீற்றலில் குங்குமம் இல்லையே என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் என் கை வழுக்கியிருக்கும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். எட்டு வயதில் குற்றத்தைப் பாதி ஒத்துக்கொள்ளத் தெரியாது.

"மூதேவி! கப்பல்ல காத்து படாம, உப்பு படாம, ஆறு வாரம் என் துணியெல்லாம் கசங்க—"

"தம்பி, சரஸ்வதிக்குப் பூஜை வச்ச வீட்டுக்குள்ள அந்தப் பேரைக் கூப்பிடாதீங்க" என்றாள் அம்மா.

சித்தப்பா கையை ஓங்கினார். அதற்குள் அத்தை நடுவில் வந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "சின்னண்ணே, குழந்தை. சாமின்னு நெனச்சுத்தானே வச்சா?" என் காது அவள் மார்பில் அழுந்தியிருந்தது. அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட அடி, அந்த ஸ்டீரியோ முரசைவிடப் பலமாகக் கேட்டது.

கோ சான்தான் கோபப்படவில்லை. "எங்க வீட்டு நத் சாமிக்கு நாங்க தேங்காய்க்குச் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடறோம். அது மாதிரிதானே இதுவும்" என்று சொல்லி, பஞ்சை மழைத்தண்ணீரில் நனைத்து, பிறந்த குழந்தையைத் துடைப்பது போல வட்டம் வட்டமாகத் துடைத்தார். மஞ்சள் போய்விட்டது. காயவைத்து, முள்ளை வைத்தார்.

முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, ஒரு குறையுமில்லை. மூன்றாவது தொடங்கியது. டிரம்காரர் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பெண் ஏணியின் அடியில் காலை வைத்தாள். டக். முரசு ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்தது. பாட்டு ஏணிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

டிரம்காரரின் கை அந்தரத்தில் நின்றது. "இது என்ன கணக்கு?"

திரும்ப வைத்தார்கள். அதே இடத்தில் டக்.

"அது அங்கயே அப்படித்தான்!" என்றார் சித்தப்பா. அவருக்குத் தாளமும் தெரியாது, ராகமும் தெரியாது. ஆனால் தான் கொண்டுவந்த தட்டில் குறை இருப்பதாக ஊர் பேசுவதை அவரால் தாங்க முடியாது. "நான் கடையிலயே கேட்டேன். இப்ப எல்லாரும் இப்படித்தான் அடிக்கிறானுங்க. புது ஸ்டைல்."

கோ சான் அத்தையைப் பார்த்தார். "நீ தட்டு வந்த அன்னைக்கே கேட்டியே, இப்படித்தானா?"

அத்தை என் தோளிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள், "இப்படித்தான்."

அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று புரிந்தது. அவளுக்காக நான் உயிரையே கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

கோ சானின் டிரம்காரருக்கு அந்த இடத்தில் தடுக்கி விழக் கற்றுக்கொள்ள நான்கு நாள் ஆனதாம். அதற்கடுத்த வாரம் அத்தை, அப்பாவையும் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், கடைக்குப் பின்னால் இருந்த அறையில், முட்டைத் தட்டுகள் ஒட்டிய சுவரைப் பார்த்து நின்று பாடினாள். ஒரு மூச்சுக்கூடக் குறையவில்லை. தட்டில் இருந்தது எப்படியோ அப்படியே. அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பாட்டு ஊரைப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில், படகுத்துறையில், பஸ்ஸில், அடுத்த வருஷத் தடிஞ்சூட் திருவிழா விளக்குகளுக்கு அடியில் எங்கும் அத்தையின் குரல் கேட்டது. மற்றக் குழுக்கள் கோ சானின் கேசட்டைக் கேட்டுத் தாங்களும் பாடின; எல்லாரும் அதே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள். கல்யாண வீடுகளில் ஆடுகிறவர்கள் அந்த இடம் வந்ததும் ஒரு காலைத் தூக்கிக் குதித்தார்கள். பாட்டின் அழகே அதுதான் என்றார்கள். ஓர் ஊர் முழுவதும் நான் வைத்த பொட்டின் மேல் குதிப்பதை நான் மட்டும் பயத்தோடும், சொல்ல வெட்கமாக இருந்தாலும், கொஞ்சம் பெருமையோடும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தை கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்த தின்கன்ஜூனுக்குப் போனாள். அப்புறம் கேசட்டில் பாடவில்லை. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் எனக்கு ஒரு தமேங் துணி எடுத்துவந்து, தன் கையாலேயே இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டு, நெற்றியில் பொட்டு வைப்பாள். அன்று திட்டு வாங்கியதற்கு ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். ஆறுதல் நாற்பது வருஷத்துக்கு மேலாக நிற்காமல் வந்தது.

போன மாதம் என் தங்கை மகள் தன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பச்சை வானமும் ஏணியும் தெரிந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அந்த மூணாவது பாட்டைப் போடு." அது பர்மியப் பாட்டில்லையா, வெள்ளைக்காரர்களும் பாடியிருக்கிறார்களா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். நான் தடுக்கி விழத் தயாராக உட்கார்ந்திருந்தேன். படி முடிந்துவிட்டது என்று காலை வைத்தால் இன்னும் படிகள் இருப்பது போல, பாட்டு நிற்காமல் மேலே போனது. அந்த உயரம். எட்டு வயதில் ஒரே ஒரு சாயங்காலம் கேட்டது. அத்தோடு, தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்று பாதி ஏணியில் உடைந்துபோகும் குரலும் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அத்தை வீட்டுக்குப் போனேன். அறுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டாள். கன்னத்தில் தனக்கா மட்டும் அதே வட்டம். போனை அவள் காதருகே பிடித்தேன். அந்த இடம் வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை மட்டும் கூடவே மேலே ஏறி, பாதியில் நின்றது.

கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. "அத்தை, நான் நடுவுல காகிதத்துலதானே வச்சேன்?"

"உன் பொட்டு நடுவுலதான் இருந்துச்சு. ரொம்ப அழகா வச்சிருந்தே."

"அப்போ அந்த மஞ்சள்?"

"சந்தனம் பூஜையில இருந்துச்சுல்ல? அத எடுக்கக் கூடாது. அது என் தனக்கா." கொண்டையைத் தொட்டுக்கொண்டே சொன்னாள், "அதுக்கு அடியில கொண்டை ஊசியால ஒரே ஒரு கோடு."

"பூஜையில வச்ச ரெக்கார்ட மட்டும் எடுக்கலாமாக்கும்?"

"எங்கடி எடுத்தேன்? அது இருந்த இடத்துலதானே இருந்துச்சு!" என்று சொல்லி, பல்லில்லாத இடம் தெரியச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தவள், நான் புறப்படும்வரை விடவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அந்தக் காலையை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். மூடி திறந்தது, சித்தப்பா கையை ஓங்கியது, கோ சான் வாசலில் நின்றது, அத்தை பாய்ந்து வந்து என்னை அணைத்துக்கொண்டது. காது வலிக்கும் அளவுக்கு அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவ்வளவும் எனக்காக அடிக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.